ஜூரி சம்மன் வந்திருக்கிறது: சம்பளம் என்னவாகும், வேலை என்னவாகும்?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். போன வருடம்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. ஒரு கன்சல்டிங் நிறுவனத்தின் ஊழியன். மணிக்கு 55 டாலர் சம்பளத்தில், அவர்களுடைய வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்றில் மென்பொருள் சோதனை வேலை பார்க்கிறேன். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. இப்போது காலின் கவுண்டி நீதிமன்றத்திலிருந்து ஜூரி சேவைக்கு, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் அமர, வரச்சொல்லிச் சம்மன் வந்திருக்கிறது. மேலாளரிடம் சொன்னதற்கு, "எப்படியாவது தப்பித்துவிடுங்கள், கிளையண்ட் காத்திருக்க மாட்டார்" என்கிறார். நண்பர் ஒருவர், ஆங்கிலம் சரியாக வராது என்று சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்கிறார். போனால் வேலைக்கே ஆபத்து வருமா? நான்கு மாதங்களுக்கு முன் என் மனைவிக்கும் இதே போன்ற சம்மன் வந்தது. அவருக்குக் கிரீன் கார்டுதான் என்பதால் குப்பையில் போட்டுவிட்டோம். அது தவறா?

பதில்: டெக்சாஸ் சட்டம் உங்கள் வேலையை நன்றாகவே காக்கிறது. உங்கள் சம்பளத்தைக் காக்கவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பிரித்துப் பார்ப்போம்.

முதலில் பணம். டெக்சாஸ் மாநில நீதிமன்றங்களில் ஜூரிக்கு முதல் நாள் குறைந்தது 20 டாலர், அடுத்தடுத்த நாள்களுக்குக் குறைந்தது 58 டாலர். 2023 செப்டம்பர் 1 முதல் இந்தக் கணக்கு. அதற்கு முன் முதல் நாள் கூலி 6 டாலர்தான். ஒரு சாப்பாட்டுக்கும் போதாது. இப்போதைய தொகையும் உங்கள் கணக்குக்கு ஈடாகாது. எட்டு மணி நேரத்துக்கு உங்கள் ஒரு நாள் வருமானம் 440 டாலர். மூன்று நாள் வழக்கில் அமர்ந்தால் 1,320 டாலர் போய் 136 டாலர் வரும். கையிலிருந்து போவது 1,184 டாலர். ஆறுதலுக்கு ஒன்று சொல்லலாம்: சம்மன் பெற்று வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே தேர்வாகாமல் வீடு திரும்பிவிடுகிறார்கள். அப்படியானால் உங்கள் இழப்பு ஒரு நாள் சம்பளத்தோடு முடியும்.

இந்த இடைவெளியை நிறுவனம் நிரப்ப வேண்டாமா என்று கேட்பீர்கள். சில மாநிலங்களில் நிரப்பியே ஆக வேண்டும். மாசசூசெட்ஸில் முதல் மூன்று நாளுக்கு வழக்கமான சம்பளத்தை முதலாளி தர வேண்டும், நான்காம் நாளிலிருந்து அரசு நாளுக்கு 50 டாலர் தரும். டெக்சாஸில் தனியார் முதலாளிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனால் நிறுவனம் தானாக விரும்பித் தருவதுண்டு. ஆகவே வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்டுவிட்டு மறந்துபோன அந்த ஊழியர் கையேட்டைத் திறந்து, ஜூரி என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். "மூன்று நாள் சம்பளத்துடன்" என்று ஒரு வரி அங்கே ஒளிந்திருக்கலாம். மேலாளரிடம் கேட்காதீர்கள், அவருக்கே தெரிந்திருக்காது. மனிதவளப் பிரிவைக் கேளுங்கள்.

இங்கே நம்மவர்கள் அடிக்கடி குழம்பும் ஒரு விஷயம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஜூரிக்குப் போனார், அவருக்கு ஒரு காசு பிடிக்கவில்லை, எனக்கு மட்டும் ஏன் என்று கேட்பார்கள். அவர் மாதச் சம்பளக்காரராக இருப்பார். மிகைநேரச் சம்பளம் பெறாத, இங்கே எக்ஸெம்ப்ட் என்று அழைக்கப்படும் சம்பள ஊழியர், ஒரு வாரத்தில் கொஞ்சமாவது வேலை பார்த்திருந்தால், ஜூரி சேவைக்காக அவர் வராத நாள்களுக்கு அந்த வாரச் சம்பளத்தில் கை வைக்கக்கூடாது என்பது மத்திய அரசின் தொழிலாளர் விதி. நீதிமன்றம் கொடுத்த 20, 58 டாலரை மட்டும் முதலாளி கழித்துக்கொள்ளலாம். வாரம் முழுக்க ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்கவில்லை என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. இந்த விதியைத் தெரிந்த சிலர், திங்கள் காலை நீதிமன்றம் போகும் முன் ஓரிரு மணி நேரம் உண்மையாகவே உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுப் போகிறார்கள். தவறே இல்லை.

உங்களுக்கு இது பொருந்தாது. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு, வேலை பார்த்த மணிக்கு மட்டுமே காசு. கணினித் துறையில் மணிக்கு 27.63 டாலருக்கு மேல் வாங்கும் சில வகை ஊழியர்களுக்கு மிகைநேரச் சம்பளமும் இல்லை, மாதச் சம்பளக்காரருக்கு உள்ள இந்தக் காப்பும் இல்லை. நல்ல கூலி வாங்குகிறோம் என்ற நினைப்பில் நம் பிள்ளைகள் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. சம்மன் வந்த பிறகுதான் தெரிகிறது.

இனி வேலை. உங்கள் மேலாளருக்குத் தெரியாத பகுதி இதுதான். டெக்சாஸில், நிரந்தர ஊழியர் ஒருவர் ஜூரியாகப் பணியாற்றினார் என்பதற்காகத் தனியார் முதலாளி அவரை வேலையைவிட்டு நீக்க முடியாது. நீக்குவேன் என்று மிரட்டவும் கூடாது. மீறி நீக்கினால், சம்மன் வந்த நேரத்தில் வாங்கிய சம்பளத்தின்படி குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டுச் சம்பளத்தை நஷ்டஈடாகக் கேட்கலாம். வக்கீல் கட்டணமும் உண்டு, அதே வேலைக்குத் திரும்பும் உரிமையும் உண்டு. உங்கள் கணக்கில் வாரம் 40 மணி வைத்தால் ஓராண்டு 1,14,400 டாலர். ஐந்தாண்டு 5,72,000 டாலர். தொழிலாளர் சட்டத்தில் இவ்வளவு முரட்டுத்தனமான நஷ்டஈடு டெக்சாஸ் போன்ற முதலாளி பக்கம் சாயும் மாநிலத்தில் அபூர்வம். காரணமே சொல்லாமல் நாளைக்கு வராதே என்று சொல்ல உரிமையுள்ள முதலாளிக்கு, இந்த ஒரு காரணத்தை மட்டும் சட்டம் கையில் கொடுக்கவில்லை.

இதில் இரண்டு ஓட்டைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று, "நிரந்தர ஊழியர்" என்ற சொல். மணிக்கணக்கில் சம்பளம் வாங்குவதாலேயே ஒருவர் நிரந்தரமற்றவர் ஆகிவிடுவதில்லை. கன்சல்டிங் நிறுவனம் உங்களுக்கு ஊழியர்களுக்கான டபிள்யூ-2 சம்பளப் படிவம் தந்து, வரி பிடித்து, முடிவுத் தேதி இல்லாமல் வைத்திருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. ஒப்பந்தக்காரர்களுக்கான 1099 படிவத்தில், சொந்தக் கம்பெனி பெயரில் பில் போட்டு வேலை செய்கிறவர் சட்டத்தின் கண்ணில் ஊழியரே அல்ல. அவருக்கு இந்தக் குடை கிடையாது. இரண்டாவது ஓட்டை உங்களுக்கு நெருக்கமானது. நீங்கள் ஜூரியாக இருந்த சமயத்தில் நிலைமை மாறிவிட்டது, அதனால் திரும்ப எடுக்க முடியவில்லை என்று முதலாளி வாதாட இடம் உண்டு. கிளையண்ட் திட்டத்தையே மூடிவிட்டார் என்றால் அந்த வாதம் எடுபடலாம். உங்களுக்குப் பதில் இன்னொருவரை அதே இருக்கையில் உட்கார வைத்துவிட்டு நிலைமை மாறிவிட்டது என்றால் எடுபடாது என்பதே என் கருத்து. நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் முதலாளியுடையது.

இந்த வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும் காகிதத்தில்தான். மேலாளரிடம் வாயால் சொன்னது போதாது. இன்றே சம்மனின் நகலை இணைத்து, மனிதவளப் பிரிவுக்கும் அவருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தத் தேதி, எந்த நீதிமன்றம், முடிந்ததும் மறுநாளே வேலைக்கு வருவேன் என்ற மூன்று விஷயம் போதும். அதட்டலோ சட்டப் பிரிவு எண்ணோ வேண்டாம். முதல் கடிதத்திலேயே கத்தியை உருவினால் உறவுதான் கெடும். அவர் சொன்ன "தப்பித்துவிடுங்கள்" என்ற வார்த்தையைத் தேதி போட்டு உங்கள் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நீதிமன்றத்திலிருந்து கிளம்பும்போது வருகைச் சான்று கேட்டு வாங்குங்கள். முடிந்த கையோடு, நாளை வருகிறேன் என்று இன்னொரு மின்னஞ்சல். இந்தக் கடைசிக் கடிதம் வெறும் மரியாதைக்கு அல்ல: சேவை முடிந்தவுடன் கூடிய சீக்கிரம் திரும்பி வரும் எண்ணத்தை முதலாளிக்குத் தெரிவித்தவருக்கே பழைய வேலைக்கான உரிமை என்று சட்டம் நிபந்தனை வைத்திருக்கிறது. வழக்குப் போடும் நிலை வந்தால், ஜூரியாக இருந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கிளையண்டின் அவசரம் உண்மையானதாக இருந்தால், நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. கடந்த ஓராண்டில் நீங்கள் தள்ளிப்போடாதவராக இருந்து, ஆறு மாதத்துக்குள் வேறொரு தேதியை ஒப்புக்கொண்டால், முதல் வருகையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கலாம். குறித்த நாளுக்கு முன்பே கேட்க வேண்டும். மென்பொருள் வெளியீடு முடிந்த ஒரு வாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மேலாளருக்கும் ஒரு வெற்றி கொடுத்தது போல இருக்கும்.

வருமானம் போகிறது, என்னை விட்டுவிடுங்கள் என்று நீதிபதியிடம் நேரே கேட்டால்? கேட்கலாம், ஆனால் அதிகம் நம்ப வேண்டாம். பொருளாதாரக் காரணத்துக்காக ஒருவரை விடுவிக்க வேண்டுமானால், வழக்கின் இரு தரப்பும் அங்கே இருந்து சம்மதிக்க வேண்டும் என்பது டெக்சாஸ் விதி. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாதவர், பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கும் மாணவர், 75 வயதைத் தாண்டியவர் போன்றோருக்கு விலக்கு உண்டு. அதில் ஏதாவது உங்களுக்குப் பொருந்தினால் மட்டும் கேளுங்கள்.

உங்கள் நண்பரின் யோசனைக்கு வருகிறேன். இந்த யோசனையை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பதினான்கு ஆண்டு அமெரிக்காவில் இருந்து, குடியுரிமைக்காக ஆங்கிலத் தேர்வு எழுதி, தினமும் ஆங்கிலத்தில் அறிக்கை தருகிறவர் நீதிபதி முன்னால் சத்தியம் செய்துவிட்டு "எனக்கு ஆங்கிலம் வராது" என்றால், அதை அவர் எந்த மொழியில் சொல்வார்? நம் உச்சரிப்பு யாரையும் தகுதியிழக்கச் செய்வதில்லை. விலக்கு கேட்கும்போது தெரிந்தே பொய் சொன்னாலும், சம்மனை மதிக்காமல் விட்டாலும் 100 முதல் 1,000 டாலர் வரை அபராதம்.

நம்மவர்களுக்கு இந்தக் கடமை பழக்கமில்லாததற்குக் காரணம் இருக்கிறது. 1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கில் ஜூரி 8-க்கு 1 என்ற கணக்கில் குற்றமற்றவர் என்று சொன்னது. உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போனது. அதற்குப் பின் பிறந்த நமக்கு ஜூரி என்றால் திரையில் பார்த்ததுதான். மேலாளர்களும் நம்மவர்களாக இருக்கும் கம்பெனிகளில் இந்த அறியாமை இரட்டிப்பாகிறது.

கவுண்டியிலிருந்து அல்லாமல் மத்திய நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் கணக்கு வேறு. அங்கே நாளுக்கு 50 டாலரும் பயணச் செலவும். ஒரே வழக்கில் பத்து நாளைத் தாண்டினால் 60 டாலர் வரை உயரலாம். வேலையிலிருந்து நீக்கும், மிரட்டும் முதலாளிக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 5,000 டாலர் வரை அபராதம். புகாரில் சாரம் இருப்பதாக நீதிமன்றம் கருதினால் ஊழியருக்காக வக்கீலையும் அதுவே நியமிக்கும். ஆகவே உறையின் மேல் எந்த நீதிமன்றத்தின் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஜூரிக் கூலி வரிக்கு உட்பட்டது. வருமான வரிப் படிவத்தின் ஷெட்யூல் 1இல் 8எச் வரியில் காட்ட வேண்டும். அந்தத் தொகையை நிறுவனத்திடம் கொடுத்துவிட்டவர்கள் 24ஏ வரியில் கழித்துக்கொள்ளலாம்.

கடைசியாக உங்கள் மனைவி. ஆம், குப்பையில் போட்டது தவறு. குடிமக்கள் மட்டுமே ஜூரியாக முடியும் என்பது சரி. ஆனால் டெக்சாஸில் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து மட்டும் எடுப்பதில்லை, ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் எடுக்கிறார்கள். அதனால் ஹெச்-1பி, கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் சம்மன் வரும். அப்போது செய்ய வேண்டியது, "நான் அமெரிக்கக் குடிமகன் அல்ல" என்ற கட்டத்தில் குறியிட்டுத் திருப்பி அனுப்புவது. மறந்தும் குடிமகன் என்று குறிக்கக் கூடாது. குடியேற்றச் சட்டத்தில் மிகப் பெரிய வினைகளில் அது ஒன்று. அவர் மாவட்ட நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் ஜூரிப் பிரிவை அழைத்து, சம்மன் இப்போது கையில் இல்லை, நான் குடிமகள் அல்ல, எப்படிப் பதிவு செய்வது என்று கேட்கட்டும்.

அழைப்பதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். குடிமக்கள் அல்லர் என்று சொல்லி விலகுகிறவர்களின் பட்டியல் மாதந்தோறும் வாக்காளர் பதிவு அலுவலகத்துக்குப் போகிறது. ஓட்டுநர் உரிமம் எடுத்தபோது தெரியாமல் வாக்காளராகப் பதிவாகியிருக்கிறாரா என்று மாநிலத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். பதிவு இருந்தால் எழுத்தரை அழைக்காமல் முதலில் குடியேற்ற வக்கீலிடம் போங்கள். இல்லையென்றால் நாளைக் காலையே அழைத்துவிடுங்கள். உங்கள் சம்மனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவருடையது நான்கு மாதம் பழையது.