மாசிப் புகையும் நாலு வயதுப் பிள்ளையின் முட்டும்

கேள்வி: படுவான்கரையில் வயலோரமாக எங்கள் வீடு. நாலு வயது மகனுக்கு மார்கழியிலிருந்து இருமல், விடியச்சாமத்தில் கூடுதல். இந்தியாவிலிருந்து நச்சுக்காற்று வருகிறது, 2022இல் மாடுகள் செத்ததும் அதனால்தான் என்று போனில் வருகிறது. காற்றின் தரம் காட்டும் செயலியிலும் எங்கள் ஊர் சிவப்பாக நிற்கிறது. அவனுடைய மூக்குச் சளியில் கறுப்பு. பார்மசியில் இரண்டு தரம் அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுத்தோம். போன கிழமை பக்கத்து வட்டையில் வைக்கோல் எரித்த இரவு முட்டு (மூச்சிழுப்பு) வந்து, விலாவுக்குக் கீழே குழி விழுந்தது; விடிய சரியாகிவிட்டது. பிள்ளையை நுவரெலியாவில் மாமி வீட்டில் விடலாமா? நுரையீரல் பழுதாகிவிடுமா?
- ஒரு தாய், மட்டக்களப்பு மாவட்டம்

பதில்: நுவரெலியாவை விடுங்கள் தங்கச்சி. செயலிக்கும் இந்தியக் காற்றுக்கும் பயந்து இவ்வளவு எழுதிவிட்டு, பயப்பட வேண்டிய ஒன்றைப் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லியிருக்கிறீர்கள். விலாவுக்குக் கீழே குழி விழுந்த அந்த இரவே பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். விடிய சரியானது உங்கள் நல்ல காலம்.

மூச்சுக்குழாய் சுருங்கும்போது பிள்ளை வயிற்றாலும் விலாத் தசையாலும் எக்கி எக்கிக் காற்றை இழுக்கும். அந்த இழுவையில்தான் விலாவுக்குக் கீழே சதை உள்ளே போகிறது. இனி முட்டு என்று தோன்றினால் சட்டையைக் கழற்றி, வெளிச்சத்தில் நெஞ்சைப் பாருங்கள். அழாமல் இருக்கும்போது, முடிந்தால் நித்திரையில், போனில் மணியைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். வயிறு ஒரு தரம் ஏறி இறங்கினால் ஒன்று. இந்த வயதில் 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. குழி விழுந்தாலோ, மூச்சு வாங்கிக் குடிக்கவோ பேசவோ முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். இன்னொன்று: இழுப்புச் சத்தம் அடங்கி, பிள்ளை சோர்ந்து கிடந்தால் 'குறைந்துவிட்டது' என்று நினைக்காதீர்கள். சத்தம் போடக்கூடக் காற்றுப் போகவில்லை என்பதுதான் அநேகமாக அதன் பொருள். எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்த அமைதிதான்.

அன்டிபயோட்டிக்கைப் பற்றி என்ன சொல்ல? பக்டீரியாவைக் கொல்லும் மருந்து, சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்காது. டொக்டரின் துண்டு கேட்காமல் கொடுத்தவரிலும் பிழை, கேட்டு வாங்கியவரிலும் பிழை. முட்டுக்கு மருந்து பம்ப் (இன்ஹேலர்). நாலு வயதுக்கு அதை ஸ்பேசர் என்ற குழாயும் முகமூடியும் வைத்துக் கொடுக்க வேண்டும். 'பம்ப் பழகினால் விடமுடியாது' என்று ஊரில் சொல்வார்கள், அது கதை. பக்கத்து வீட்டுப் பம்பை இரவல் வாங்கி அடிப்பதும் வேண்டாம். பிள்ளை நோய் கிளினிக்கில் ஒரு தரம் காட்டுங்கள், தினசரி தடுப்புப் பம்ப் தேவையா என்று அவர்கள் முடிவெடுக்கட்டும். சரியாகக் கவனித்தால் இந்த வயதில் முட்டு வரும் பிள்ளைகளில் பலருக்கு வளர வளரக் குறைந்துவிடும். பழுது பற்றிய கேள்விக்கு இதுதான் என் பதில்.

மாடுகள் செத்தது மண்டோஸ் புயல் நாட்களின் கடும் குளிரிலும் மழைக்காற்றிலும். அதே நாட்களில் புகையும் வந்தது உண்மை; வங்கக் கடலில் நின்ற புயல் வடக்கிலிருந்து காற்றை இழுத்து வந்தது, 2022 டிசம்பர் 9 அன்று நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடினார்கள். இரண்டும் ஒன்றாக வந்ததால் போன்காரர்கள் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். சளியில் கறுப்பு என்றால் மூக்கு தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். உள்ளே போகும் துகள் தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை, அது கண்ணில் படாது. செயலியோ, அளவுக் கருவி இல்லாத ஊருக்குப் பெரும்பாலும் கணக்குப் போட்டுத்தான் நிறம் காட்டும்.

வாடைக்காற்று காலத்தில் வடக்கிலிருந்து புகைமூட்டம் கடல் தாண்டி வருவது புதினமும் இல்லை. தமிழ்நாட்டில் பிறந்த காலநிலை விஞ்ஞானி வீரபத்திரன் ராமநாதனும் கூட்டாளிகளும் 1999இல் மாலைதீவில் நின்று ஆராய்ந்து, இந்துசமுத்திரத்துக்கு மேலே ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் தடிப்பில் பழுப்பு மூட்டம் இருப்பதைக் காட்டினார்கள். ஆனால் உங்கள் மகனுக்கு விடியச்சாமத்தில் ஏன் கூடுகிறது என்று கேட்டால், முட்டு இயல்பாகவே இரவில் கூடும். அதோடு பக்கத்து வட்டையும் சேர்ந்துகொள்கிறது. பகலில் தரை சூடாகிக் காற்று மேலெழும்ப, புகையும் உயரப் போய் ஐதாகும். மழை விட்ட தெளிந்த இரவில் தரையோடு கிடக்கும் காற்று குளிர்ந்து கனக்கும். மேலே சூடான காற்று சட்டிக்கு மூடி போட்டதுபோல் நிற்கும். அந்தியில் வைத்த நெருப்பின் புகை முழுவதும் அந்த மூடிக்குக் கீழேதான். விடிந்த பிறகும் கரிப்புகை வெயிலைத் தானே உறிஞ்சி மேலே சூட்டை வைத்துக்கொண்டு தரைக்கு நிழல் போடும், அதனால் மூடி திறக்கவும் பிந்தும். புகையே தன் மூடியைத் தடிப்பாக்கிக்கொள்கிறது, பாருங்கள்.

ஆகவே அறுவடை முடியும்வரை அந்திபட ஜன்னலைச் சாத்திவிட்டு, வெயில் ஏறிய பிறகு, ஒன்பது பத்து மணிக்குத் திறவுங்கள். வயல்காரரிடம் பேசுங்கள். வைக்கோலை மாட்டுக்கோ வயலுக்கோ விட்டால் நல்லது. எரித்துத்தான் தீருவேன் என்றால் மத்தியானத்தில் எரிக்கட்டும். துணி முகமூடி இந்தப் புகைக்குப் பிரயோசனமில்லை.

அப்புறம், கடிதத்தில் குசினியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விறகடுப்பா? உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன நுண்துகள் அளவு, ஒரு நாள் சராசரிக்குக் கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராம். மூடிய குசினியில் விறகு எரிந்தால் அது நூற்றுக்கணக்கில் ஏறும். பிள்ளை அடுப்படியில் உங்கள் சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானா, இரவில் கட்டிலடியில் நுளம்புச்சுருள் எரிகிறதா, வீட்டில் யாராவது சிகரட் குடிக்கிறார்களா என்று கிளினிக்கில் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். அந்த அன்டிபயோட்டிக் போத்தல் இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள், என்ன கொடுத்தார்கள் என்று அவர்கள் பார்க்க வேண்டும்.