வாசகர் கேள்வி: பலூனில் எல்லை தாண்டியது நிஜமா?

கேள்வி: கிழக்கு ஜெர்மனியிலிருந்து இரண்டு குடும்பங்கள் தப்பிக்கும் 'பலூன்' (2018) படம் பார்த்தோம். வீட்டில் தைத்த துணி எட்டுப் பேரைத் தூக்குமா? என் வீட்டுக்காரர் 'சுத்த ரீல்' என்கிறார்.
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: ரீல் இல்லை. 1979 செப்டம்பர் 16 அதிகாலையில் நடந்ததுதான். உள்ளிருக்கும் காற்று 100 டிகிரி சூடானால், கன மீட்டருக்கு ஏறக்குறைய கால் கிலோ தூக்கும். அவர்கள் கடைசியாகத் தைத்த பலூன் சுமார் 4,000 கன மீட்டர். ஆக, ஒரு டன். நான்கு பெரியவர்கள், நான்கு பிள்ளைகள், துணி, சிலிண்டர் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

வில்லன் துணிதான். முதலில் வாங்கியது பருத்தி லைனிங். நெசவு வழியே காற்று கசிந்து பலூன் உப்பவே இல்லை. பிறகு துண்டுத் துணிகளை வேக்குவம் கிளீனரில் பொருத்திக் கசிவையும், ஓவனில் வைத்துச் சூடு தாங்குவதையும் பார்த்தார்கள். குடைத் துணி தேறியது, விலை கட்டவில்லை. டஃபேட்டா என்ற நெருக்கமாக நெய்த செயற்கை இழைத் துணி வாங்கினார்கள். கடையில் கேட்டால், படகுச் சங்கத்துக்கு என்று ஒரு பொய்!

அடுத்த தொல்லை எரிவாயு. புரோபேன் ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்ந்து, அழுத்தம் குறைந்து, சுடர் சுருங்கிவிடும். சிலிண்டரைக் கவிழ்த்ததும் திரவமாகவே வந்து சுடர் சீறியது. (வீட்டு சிலிண்டரில் யாரும் முயல வேண்டாம்.)

ஜூலையில் ஒரு குடும்பம் மட்டும், டஃபேட்டாவில் தைத்த இரண்டாவது பலூனில் பறந்தது. மேகத்துக்குள் போனதும் துணி ஈரம் ஏறிப் பாரமாகி, எல்லைக்குச் சுமார் 200 மீட்டர் முன்பே இறங்கிவிட்டது. விட்டுவந்த பலூன் ரகசியப் போலீசின் கையில் சிக்கியதால் மூன்றாவதை அவசரமாகத் தைக்க வேண்டியதாயிற்று. மொத்தமாகத் துணி கேட்டால் சந்தேகம் வரும். ஊர் ஊராகப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார்கள். கூடையும் கிடையாது. 1.4 மீட்டர் சதுரத் தகடு, மூலைக்கொரு கம்பம், சுற்றிலும் துணி காயப்போடும் கொடிக்கயிறு. அதில் எட்டுப் பேர், 28 நிமிடம்! இறங்கியது மேற்கு ஜெர்மனியின் நைலா அருகே.

படம் போலீஸ் துரத்தலுக்குத் தந்த இடத்தில் பாதியையாவது தையலுக்குத் தந்திருக்கலாம்.

கேள்வி: அரசியலுக்காக இல்லாமல், வயிற்றுப்பாட்டுக்காக ஓடுகிறவர்களைப் பற்றி நல்ல படம் உண்டா?
– வாசகர், சிவாஜிநகர், பெங்களூரு

பதில்: தென்கொரியாவின் 'கிராஸிங்' (2008). வடகொரியச் சுரங்கத் தொழிலாளி. மனைவிக்குக் காசநோய், மருந்து கிடையாது. வாங்கிவரச் சீனாவுக்குள் போகிறவர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்கிறார். பிள்ளைகளோடு பார்ப்பதானால் முதலில் நீங்கள் மட்டும் பார்த்துவிடுங்கள், பின்பாதி கனமானது.