பேத்தியின் மதியத் தூக்கம்

கேள்வி: என் நான்கு வயதுப் பேத்தி காலையில் பாலர் பள்ளியில் கற்ற குறளை என்னிடம் ஒப்பித்துவிட்டு, சாப்பாடு முடிந்ததும் தார்சாவில் ஒரு மணி நேரம் தூங்குகிறாள். பகலில் தூங்கினால் பிள்ளை மந்தமாகிவிடும், அந்த நேரத்தில் இன்னும் இரண்டு குறள் சொல்லிக்கொடுக்கலாம் என்கிறான் மகன். தூக்கத்தை நிறுத்திவிடலாமா?
– ஓர் ஆச்சி, கல்லிடைக்குறிச்சி

பதில்: நிறுத்த வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா ஸ்பென்சர் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, ஏறக்குறைய உங்கள் வீட்டு வழக்கையே விசாரித்திருக்கிறது. எந்தப் படம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நினைவில் வைக்கும் விளையாட்டைப் பாலர் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலையில் கற்றுக்கொடுத்துவிட்டு, ஒரு நாள் மதியம் தூங்கவும் வேறொரு நாள் விழித்திருக்கவும் வைத்தார்கள். தூங்கிய நாளில் குழந்தைகளுக்குச் சுமார் 10 சதவீதம் கூடுதலாக நினைவிருந்தது. தூங்காத நாளில் மறந்தவை அன்றிரவு முழுக்கத் தூங்கி எழுந்த பிறகும் திரும்பவில்லை என்பதை மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள். தூக்கத்தின்போது மூளையில் எழும், நூற்புக் கதிர்போல் நடு பருத்து இரு முனையும் மெலிந்த ஸ்பிண்டில் அலைகள் அடர்த்தியாக இருந்த குழந்தைகளுக்கே பலனும் மிகுதியாக இருந்தது.

இந்தப் பலன் பெரும்பாலும் மதியத் தூக்கம் வழக்கமாக உள்ள பிள்ளைகளிடமே தெரிந்தது. தாமாகவே அதை விட்டுவிட்ட பிள்ளைகளைப் பிடித்துப் படுக்கவைக்கத் தேவையில்லை. சோதிக்கப்பட்டவை படங்களின் இடங்கள்தாம் என்பதால், ஒப்புவித்தல் போட்டியில் பரிசு உறுதி என்று நான் எழுதித்தர மாட்டேன். ஆயினும், புதிய குறளைச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். மூன்று முதல் ஐந்து வயதுக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. இரவு ஒன்பதுக்குப் படுத்துக் காலை ஆறுக்கு எழும் பிள்ளை, மதியம் தூங்கினால்தான் அதன் கீழ்வரம்பையே தொடும்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் இரவு இரண்டு மணி வரை படித்துவிட்டு ஐந்துக்கு எழுகிறான். நல்லதுதானே?
– ஒரு தந்தை, பாளையங்கோட்டை

பதில்: நல்லதன்று. அந்த வயதுக்கு அதே பரிந்துரை 8 முதல் 10 மணி நேரம். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்துவிட்டு உறங்கியவர்கள், அதே நேரம் விழித்திருந்தபோது மறந்ததைவிடக் குறைவாகவே மறந்தார்கள் என்று ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் 1924-இலேயே காட்டியிருக்கிறார்கள். ஐந்துக்கு எழுவதே அவனுக்கு ஒத்துவருமென்றால், ஒன்பதுக்கே விளக்கை அணையுங்கள்.