புது புரொஜெக்டர் ஏற்காட்டில் மட்டும் அணைகிறதா?

மெனுவில் 'ஹை ஆல்டிடியூட் மோடு' என்று இருக்கும், முதலில் அதை ஆன் செய்யுங்கள். சேலத்துக் கடையில் இரண்டு மணி நேரம் ஓடிய புரொஜெக்டர் உங்கள் பள்ளி அரங்கில் அரை மணியில் அணைகிறது என்றால், காரணம் பெரும்பாலும் உயரம்தான்.

சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. குளிர்ந்த ஊரில் எப்படிச் சூடாகும் என்று தோன்றும். ஆனால் மேலே காற்று அடர்த்தி குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் சூட்டை அவ்வளவாக வெளியே தள்ளாது. அந்த மோடு விசிறியை வேகமாகச் சுழற்றும்.

போட்டுவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அணைந்தால், திருட்டுக்குப் பயந்து மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு பள்ளியில் நான் தொட்ட பெட்டிப் பலகை இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. பின்பலகையைக் கழற்றியதும் சரியாகிவிட்டது.

ஒன்று கவனியுங்கள்: விசிறிச் சத்தம் கூடும், நாடக மைக்கை அதன் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். அணையும்போது வெப்ப எச்சரிக்கை விளக்கு எரியவே இல்லை என்றால் சூடு காரணமாக இருக்காது. அப்போது எலக்ட்ரீஷியனை அழைத்து வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள்.