பட்டறை பதில்கள்: ஏற்றத்தில் மட்டும் வெட்டும் வண்டி

கேள்வி: அண்ணாச்சி, என்னுடையது நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். ரப்பர் ஷீட் வியாபார விஷயமாக அடிக்கடி புனலூர் போய்வருகிறேன். செங்கோட்டைப் பக்கம் சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. எஸ் வளைவு ஏறும்போது மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறது, செக் எஞ்சின் விளக்கும் சிமிட்டுகிறது. பெட்ரோலைப் பற்றவைக்கும் நாலு ப்ளக், அதற்கு மின்சாரம் தரும் நாலு காயில் எல்லாமே மாற்றச் சொல்கிறார்கள். வீட்டில் நானே மாற்றலாமா?
- வாசகர், புளியரை

பதில்: தாராளமாக மாற்றலாம் தம்பி. ஆனால் எட்டு சாமானையும் இப்போதே வாங்கிவிடாதீர்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. விளக்கு சிமிட்டும்போது மிதித்து ஏற்றாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். அது உள்ளே உருகிப்போனால் ஆகும் செலவுக்கு முன்னால் ப்ளக், காயில் விலையெல்லாம் ஒன்றுமே இல்லை.

ஏற்றத்தில் மட்டும் ஏன் மிஸ்ஸிங், அதாவது பற்றாமல் வெட்டுவது? ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க சிலிண்டருக்குள் அடைபடும் காற்று கூடுகிறது, அழுத்தமும் ஏறுகிறது. அந்த அழுத்தத்துக்குள் பொறி பறக்க அதிக வோல்ட் வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் 20,000-க்கு மேலே ஏற்றி அனுப்புகிறது. ப்ளக் முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தாலோ, காயிலின் ரப்பர் உறை வெடித்திருந்தாலோ மின்சாரம் பக்கத்து ஹெட்டில், அதாவது ப்ளக் மாட்டியிருக்கும் எஞ்சின் தலைப்பகுதியில், இறங்கிவிடும். சமதளத்தில் எப்படியோ சமாளிப்பது கோட்டைவாசல் ஏற்றத்தில் காலை வாரிவிடும். சாரல் காலத்தில் ப்ளக் குழிக்குள் ஈரம் சேர்ந்தாலும் இதே கதைதான்.

யார் குற்றவாளி என்று கண்டுபிடிப்பது சுலபம். வண்டியின் பழுது எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் வைத்துப் பாருங்கள். பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர். அந்தக் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை இரண்டாவதில் போடுங்கள். ஸ்கேனரில் அந்தப் பழுது எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 என்று மாறினால் காயில்தான் போயிருக்கிறது, அது ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். மாறாவிட்டால் ப்ளக்கையும் இதேபோல இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பக்கம் பார்க்கவேண்டும். அது பட்டறை வேலை. இந்தச் சோதனையைச் செய்யாமல் எட்டையும் மாற்றச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

எஞ்சின் நன்றாக ஆறியபிறகே கை வையுங்கள். ஹெட் அலுமினியம், சூட்டோடு ப்ளக்கைத் திருகினால் மரை பிய்ந்து வந்துவிடும். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். கனெக்டரின் லாக்கை அழுத்திப் பிடித்து உருவுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. காயிலின் போல்ட் பெரும்பாலும் 10 எம்.எம். அதைக் கழற்றி, காயிலை லேசாக இடவலம் அசைத்து மேலே தூக்குங்கள். ப்ளக்கைத் தொடும் முன் குழிக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள், சைக்கிள் பம்பே போதும். உள்ளே விழும் மணல் சிலிண்டருக்குள்தான் போகும். குழியில் எண்ணெய் நின்றால் வால்வு கவர் சீல் போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புதுக் காயில் போட்டால் அதன் ரப்பரும் ஊறிக் கெடும்.

கழற்றிய ப்ளக்கை சிலிண்டர் வரிசைப்படி வைத்துப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் ஏறுகிறது. பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் மின்சாரம் அந்த வழியாக ஓடியிருக்கிறது, அந்த ப்ளக்கும் அதன் ரப்பரும் இனி ஆகாது. பீங்கானின் அடியில் பழுப்பு வளையம் இருந்தால் பயப்படவேண்டாம், அது இயல்பு.

புது ப்ளக்கை முதலில் கையால்தான் ஏற்றவேண்டும். ப்ளக் தலையில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸைச் செருகி, ஹோஸைத் திருகியே இறக்குங்கள். மரை மாறி உட்கார்ந்தால் ஹோஸ் வழுக்கிவிடும், மரை தப்பிக்கும். ராட்செட் அப்படி விட்டுக்கொடுக்காது, ஹெட்டைக் கிழித்துவிடும். வாஷர் உள்ள 14 எம்.எம். ப்ளக் என்றால் கைக்கு இறுகியபின் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 எம்.எம். ப்ளக்குக்கு 15 முதல் 20. மரையில் கிரீஸ் தடவாதீர்கள், இழுப்பு தெரியாமல் அளவுக்கு மீறி இறுகிவிடும். இரிடியம் ப்ளக்கின் முனை ஊசிபோல மெலிசு, அதை இடைவெளி அளக்கும் கேஜால் நெம்பவே கூடாது.

காயிலைப்போல ஒன்றை மட்டும் அல்ல, ப்ளக் மாற்றுவதென்றால் நாலையும் சேர்த்தே மாற்றுங்கள், தேய்மானம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

கேள்வி: காயிலின் ரப்பரில் சின்னக் கீறல். இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டலாமா?
- வாசகி, ஆரியங்காவு

பதில்: வேண்டாம் அம்மா. அந்த டேப் இத்தனை வோல்ட்டைத் தாங்காது, சூட்டில் பசையும் இளகிவிடும். பல காயில்களுக்கு ரப்பர் உறை தனியாகவே விற்கிறது, கடையில் பழைய காயிலைக் காட்டிக் கேளுங்கள். புது ரப்பரின் உள்வாயில் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். சாரல் ஈரமும் ஏறாது, அடுத்தமுறை கழற்றும்போது கிழியவும் கிழியாது.

கேள்வி: சி.என்.ஜி. கேஸ் மாட்டிய வண்டிக்கும் பெட்ரோல் வண்டிக்குச் சொன்ன அதே கிலோமீட்டர் வரை ப்ளக் ஓடலாமா?
- வாசகர், தென்காசி

பதில்: கேஸைப் பற்றவைக்க பெட்ரோலைவிட அதிக வோல்ட் வேண்டும், அதனால் ப்ளக், காயில் இரண்டுக்கும் பாரம் கூடுதல். வண்டிப் புத்தகத்தில் சி.என்.ஜி.க்கு என்று தனி ப்ளக் எண் போட்டிருந்தால் அதையே வாங்குங்கள். பெட்ரோலில் மட்டும் ஓடும் வண்டிக்குச் சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கழற்றிப் பாருங்கள்.