யாரும் பேசாத, ஆனால் படிக்க வேண்டிய புத்தகங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்த்துத்தான். எனக்குக் கிடைத்ததில் முக்கால்வாசி அப்படி வந்தவை. எப்படி அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது என்று சொன்னால்தான் புரியும்.

எனக்குச் சேலம். அம்மாப்பேட்டையில் வீடு, ஏற்காட்டில் வேலை என்று ஆறு வருஷம் ஓடியது. தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கணும். பஸ்ஸில் புத்தகத்தை விரித்தால் மூன்றாவது வளைவிலேயே வயிற்றைப் புரட்டும், அதனால் படிப்பெல்லாம் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான். அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாசகசாலை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அங்கே போவேன், மழை பிடித்துக்கொண்டால் சாயங்கால பஸ் வரைக்கும் அங்கேயே. மலை ஈரத்தில் அட்டையெல்லாம் பூஞ்சணம் பூத்துக் கிடக்கும், ராமபாணப் பூச்சி முதல் பக்கத்தில் போட்ட ஓட்டை நாற்பதாம் பக்கம் வரை கூடவே வரும். நாலு பேர் சிபாரிசு செய்கிற புத்தகங்களை ஏற்கெனவே யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். மிச்சம் கிடப்பதைத்தான் படிக்க முடியும்.

அப்படிக் கிடைத்ததுதான் 'ஆரோக்கிய நிகேதனம்'. தலைப்பைப் பார்த்துவிட்டு யாரோ அதைச் சித்த வைத்தியம், மூலிகை வகையறாக்களோடு அடுக்கி வைத்திருந்தார்கள். நானும் முதுகு வலிக்கு ஏதாவது இருக்குமா என்றுதான் எடுத்தேன், சத்தியமாக. பார்த்தால் நாவல். வங்காளத்தில் தாராசங்கர் பந்த்யோபாத்யாய 1953-ல் எழுதியது, தமிழில் த.நா. குமாரசாமி. கையைப் பிடித்து நாடி பார்த்து, இந்த ஆள் பிழைப்பாரா மாட்டாரா என்று சொல்லிவிடக்கூடிய ஒரு கிழட்டு வைத்தியர். அவர் ஊருக்கு ஊசியும் மருந்துமாக ஒரு இளம் டாக்டர் வருகிறார். இதைச் சண்டையாக மட்டும் எழுதியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். ஆனால் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அந்த வைத்தியருக்கே தன் வித்தை மேல் ஒரு பயமும் இருக்கிறது. எங்கள் தாத்தாவுக்கு நாடி பார்க்க வந்த பெரியவர், கையைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஐந்தரை மணி பஸ்ஸை விட்டுவிட்டேன்.

சரி, அடுத்து என்ன? இந்த மாதிரி இன்னொன்று வேண்டும், யாரைக் கேட்பது? குமாரசாமி பெயரைத் தேடினேன். அவர் தம்பி த.நா. சேனாபதியும் வங்கத்திலிருந்து மொழிபெயர்த்தவர் என்று தெரிந்தது. அங்கிருந்து சு. கிருஷ்ணமூர்த்தி மொழிபெயர்த்த 'நீலகண்டப் பறவையைத் தேடி', பிரிவினைக்கு முந்தைய கிழக்கு வங்காளத்துக் கிராமம். அப்புறம் கன்னடம்: எஸ்.எல். பைரப்பாவின் 'ஒரு குடும்பம் சிதைகிறது', தமிழில் எச்.வி. சுப்ரமணியம். இதை மட்டும் மனசு சரியில்லாத நாளில் எடுக்காதீர்கள். ஊதாரி மாமியார், உதவாத புருஷன், பஞ்சம், பிளேக், எல்லாவற்றுக்கும் நடுவில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு பெண். இரண்டு முறை மூடி வைத்துவிட்டுத்தான் முடித்தேன்.

இதெல்லாம் சாகித்ய அகாதெமி, நேஷனல் புக் டிரஸ்ட் மாதிரி இடங்கள் போட்டவை. அட்டையைப் பார்த்தால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும், விளம்பரம் கிடையாது, தீர்ந்துபோனால் மறுபதிப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். கண்ணில் படாமல் போனதற்கு வேறு பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒரு புத்தகத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருப்பார், சும்மா ஒன்றுக்காக யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள் என்பது என் கணக்கு. சில சமயம் தப்பாகும்.

மொழிபெயர்ப்பால் உயிர் வந்த புத்தகமும் உண்டு. வால்பாறைப் பக்கம் தோட்டத்து டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969-ல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நாவல் ரொம்ப காலம் பேச்சே இல்லாமல் கிடந்தது. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொண்டுவந்த பிறகுதான் இங்கே பரவலாகப் படித்தார்கள், 2013-ல் வந்த 'பரதேசி' படமும் அதை வைத்துத்தான். அது தேயிலை, எங்கள் மலையில் காபி. இருந்தாலும் அதைப் படித்த பிறகு எஸ்டேட் வேலிக்கு அந்தப் பக்கம் தெரிகிற தொழிலாளர் லைன் வீடுகளைச் சும்மா பார்த்துக்கொண்டு போக முடியவில்லை.

கதை அல்லாத புத்தகத்துக்கு என் வழி வேறு. உங்கள் மாவட்டத்தின் பழைய கெஜட்டியரை, அதாவது ஊர், மக்கள், விளைச்சல் பற்றியெல்லாம் சர்க்கார் தொகுத்த விவரப் புத்தகத்தைத் தேடுங்கள். சேலத்துக்கு லெ ஃபானு 1883-ல் ஒன்று, ரிச்சர்ட்ஸ் 1918-ல் ஒன்று போட்டிருக்கிறார்கள், ஆங்கிலம்தான், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். வரி வசூலித்த சர்க்கார் ஆட்கள் எழுதியது என்பதை மறக்காமல் படிக்கணும். கலெக்டர் காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காபி கொண்டுவந்த கதையைத் தேடிப் போய், அப்படியே தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதியாகப் போட்ட குலங்கள், குடிகள் பற்றிய புத்தகத்தில் போய் விழுந்தேன் (க. ரத்னம் மொழிபெயர்ப்பில் தமிழிலும் உண்டு). இங்கே மலையாளிகள் என்றால் கேரளத்துக்காரர்கள் கிடையாது, மலையை ஆளுகிற பழங்குடிகள். அவர்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர், மலைக்கொருவராகக் குடியேறினார்கள் என்று அதில் ஒரு கதை. கூட வேலை பார்த்த மலைக்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க பாட்டி வேற மாதிரி சொல்லுமுங்க" என்று ஆரம்பித்தார். டீ இரண்டு ரவுண்டு போனது. புத்தகத்தில் இருந்ததைவிட அவர் சொன்னது நன்றாக இருந்தது.

ஆளைக் கேட்பதும் ஒரு வழி, ஆனால் கேள்வி சரியாக இருக்கணும். நல்ல புத்தகம் சொல்லுங்கள் என்றால் எல்லாரும் அதே பத்தைத்தான் சொல்வார்கள். படித்துவிட்டு அதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் போன புத்தகம் எது என்று கேட்டுப் பாருங்கள். இதில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர்தான் எல்லாருக்கும் முன்னோடி. 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக வந்த சேலம் இராமசாமி முதலியார், அங்கே கல்லூரியில் இருந்த உ.வே. சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று பெரிய பட்டியலே போடுகிறார், முதலியார் அசரவே இல்லை. சீவக சிந்தாமணி படித்தீர்களா என்கிறார். அப்புறம் தன்னிடம் இருந்த பிரதியையும் கொடுக்கிறார். 1887-ல் அது அச்சில் வந்தது. ஐயர் தன் வாழ்க்கையை எழுதிய 'என் சரித்திர'த்தில் இந்த இடத்தை மட்டுமாவது படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மறந்துபோன புத்தகமெல்லாம் மாணிக்கம் இல்லை, நான் எடுத்ததில் பத்துக்கு ஏழு மறக்கப்பட வேண்டியவைதான். ஐம்பது பக்கம் கொடுத்துப் பார்ப்பேன், ஓடவில்லையென்றால் வைத்துவிடுவேன்.

'ஆரோக்கிய நிகேதன'த்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, இது நாவல், கதைப் பக்கம் வையுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அடுத்த வாரம் போனால் மறுபடி மூலிகைகளுக்கு நடுவில் இருந்தது. மாற்றி வைக்கலாமா என்று கை போனது, விட்டுவிட்டேன். யாராவது மூட்டு வலிக்கு மருந்து தேடி வந்து எடுக்கட்டும்.