புரொஜெக்டரா, பெரிய டிவியா? டர்பனிலிருந்து கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுப்புறங்களிலும் வீடு வீடாகப் போய் டிவியும் புரொஜெக்டரும் மாட்டிக் கொடுப்பது பதினேழு வருடமாக என் தொழில். தீபாவளி நெருங்கினாலே "எது வாங்கலாம்?" என்ற கேள்வி குவியும். இந்த முறை வந்தவற்றைச் சேர்த்து வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா: அண்ணே, ஹாலில் இருக்கும் 55 அங்குல டிவியை எடுத்துவிட்டு 100 அங்குலத்துக்கு புரொஜெக்டர் போடலாம் என்று பையன் பிடிவாதம் பிடிக்கிறான். நான் பார்ப்பது சென்னை சீரியல், அவன் பார்ப்பது ஐபிஎல். என்ன செய்யட்டும்?

அம்மா, நீங்கள் பார்ப்பது என்ன என்பதைவிட எத்தனை மணிக்குப் பார்க்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். சென்னை நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தி. அங்கே இரவு எட்டு மணிக்கு வரும் சீரியல் இங்கே மாலை நாலரைக்கு வந்துவிடும். ஐபிஎல் ராத்திரி ஆட்டம் அங்கே ஏழரைக்கு, இங்கே நாலு மணிக்கு. ஏப்ரலில் டர்பனில் பொழுது சாய ஐந்தரை ஆகிவிடும். ஆக, முதல் இன்னிங்ஸ் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில்தான். டிசம்பரில் கேட்கவே வேண்டாம், ஏழு மணி வரை வெளிச்சம்.

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. வெளிச்சத்தைத்தான் வீச முடியும். படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் அது ஒன்றும் வீசாமல் விடுகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் உங்கள் சுவர் அந்த நேரத்தில் எந்த நிறமோ அதுதான் தெரியும். நாலரை மணிக்குச் சுவர் வெள்ளையாகத் தெரிகிறதென்றால் கதாநாயகியின் கூந்தலும் சாம்பல் நிறத்தில்தான் தெரியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இது மாறாது.

ஒரு சோதனை சொல்கிறேன். நாளை நாலரை மணிக்கு ஹால் விளக்கை அணைத்து, திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, உங்கள் இடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரியுங்கள். சின்ன எழுத்தைப் படிக்க முடிந்தால் அந்த ஹாலுக்கு டிவிதான். பையனிடம் 75 அங்குலம் வாங்கச் சொல்லுங்கள். இப்போது இருப்பதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பரப்பு கிடைக்கும், அவனும் குறை சொல்ல மாட்டான்.

உம்ஹ்லாங்காவிலிருந்து, சென்னையிலிருந்து வேலைக்கு வந்து ஆறு மாதமான ஒருவர்: ஜன்னல் வடக்குப் பக்கம்தான் இருக்கிறது, வெயில் வராது. புரொஜெக்டர் வைக்கலாம் இல்லையா?

தம்பி, இது ஊர்க் கணக்கு. நாம் பூமியின் தென்பாதியில் இருக்கிறோம். இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். குளிர்காலத்தில் இன்னும் தாழ்ந்து, வடக்கு ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும். நீங்கள் வெயில் வராது என்று நினைத்த ஜன்னல்தான் வீட்டிலேயே அதிக வெயில் வரும் ஜன்னல். தெற்குப் பக்க அறை இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் பின்னால் கறுப்பு லைனிங் வைத்த திரைச்சீலை வேண்டும். பர்க்லர் கார்டுக்கு (திருடருக்காகப் போடும் ஜன்னல் கம்பிக்கு) முன்னால் தொங்கும் வலைத்துணி எதையும் மறைக்காது.

பீனிக்ஸிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஆன்லைனில் 9000 லூமென், 4கே சப்போர்ட் என்று போட்டு மிக மலிவாக ஒரு புரொஜெக்டர் வருகிறது. கடையில் இருப்பதெல்லாம் 3000 லூமென்தான், விலையோ பல மடங்கு. ஏன் இந்த வித்தியாசம்?

இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும். இதில்தான் மாணவர்களும் ஓய்வூதியக்காரர்களும் பணத்தை இழக்கிறார்கள், எனக்கு உண்மையாகவே வயிறு எரிகிறது.

வெளிச்சத்தை அளக்க ஒழுங்கான முறை இருக்கிறது. திரை முழுவதும் வெள்ளை படத்தை வீசி, திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் மீட்டர் வைத்து அளந்து, சராசரியைத் திரையின் பரப்பால் பெருக்குவார்கள். அப்படி வரும் கணக்குக்குத்தான் அன்சி லூமென் என்று பெயர். வெறும் 'லூமென்' என்று எழுதிவிட்டால் யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம்.

போன வருடம் ஒருவர் இப்படி வாங்கியதைக் கொண்டுவந்தார். அட்டையில் 9000. இரவில் 100 அங்குலத் திரையில் வீசி அளந்தேன். நடுவில் மீட்டர் 90 லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) காட்டியது, மூலைகளில் 45. சராசரி 65. 100 அங்குலத் திரை 2.21 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம், பரப்பு 2.76 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 180 லூமென்கூட முழுதாக வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

சினிமா தியேட்டர் திரையின் வெளிச்சம் 48 நிட் (திரையிலிருந்து நம் கண்ணுக்கு வரும் வெளிச்சத்தின் அளவு) இருக்க வேண்டும் என்பது தொழில் விதி. இருட்டறையில் 100 அங்குலத்துக்கு அதைக் கொண்டுவர உண்மையான 420 லூமென் போதும். ஆகவே 9000 என்ற எண்ணே உங்களுக்குத் தேவையில்லை. நன்றாக இருட்டாகும் அறையில் நேர்மையான 1000 லூமென் அழகாக இருக்கும். ஒரு விளக்கு எரியட்டும் என்றால் 2000-க்கு மேல் போங்கள்.

'4கே சப்போர்ட்' என்பதும் இதே கதைதான். 4கே எனும் மிக நுணுக்கமான படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், ஆனால் காட்டுவது தன்னிடம் இருக்கும் புள்ளிகளைத்தான். விவரப் பட்டியலில் 'நேட்டிவ்' என்ற வரியைத் தேடுங்கள். அங்கே 1280 x 720 என்றோ அதற்கும் கீழேயோ இருந்தால் சப்டைட்டில் எழுத்தின் ஓரம் படிப்படியாகத் தெரியும். நம் பிள்ளைகள் பலர் சப்டைட்டில் படித்துத்தான் தமிழ்ப் படம் பார்க்கிறார்கள். அவர்களுக்காகவாவது நேட்டிவ் 1920 x 1080-க்குக் கீழே இறங்காதீர்கள்.

டோங்காட்டிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்: எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும்?

ஐயா, திரையின் மூலைவிட்டத்தை 1.2-ஆல் பெருக்கினால் தியேட்டரில் முன்பக்கம் உட்கார்ந்தது போல, 1.6-ஆல் பெருக்கினால் பின்பக்கம் போல. 65 அங்குலத்துக்கு 2 முதல் 2.6 மீட்டர், 100 அங்குலத்துக்கு 3 முதல் 4 மீட்டர். உங்கள் நாற்காலி சுவரிலிருந்து இரண்டரை மீட்டரில் இருந்தால் 100 அங்குலம் கழுத்தை வலிக்க வைக்கும்.

வெருலத்திலிருந்து ஓர் அக்கா: லோட் ஷெடிங் (முறை வைத்து வரும் மின்வெட்டு) திரும்பவும் வந்தால் எது தாங்கும்? எங்களிடம் ஒரு 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருக்கிறது.

அக்கா, 12 வோல்ட்டில் 100 ஆம்பியர்-ஹவர் என்றால் 1200 வாட்-ஹவர். ஈய பேட்டரியாக இருந்தால் அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சீக்கிரம் செத்துவிடும். கையில் இருப்பது 600. டிவி, டீக்கோடர் (சேனல் வாங்கித் தரும் பெட்டி), வைஃபை எல்லாம் சேர்ந்து 150 வாட் என்றால் இன்வெர்ட்டர் தின்பது போக மூன்றரை மணி நேரம் ஓடும். பல்பு வைத்த புரொஜெக்டர் தனியாகவே 300 வாட் இழுக்கும், ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். தமிழ்ப் படம் இடைவேளையோடு நின்றுவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. பல்பு புரொஜெக்டரை அணைத்த பிறகும் ஓரிரு நிமிடம் விசிறி ஓடும், கவனித்திருப்பீர்கள். உள்ளே பல்பு அவ்வளவு சூடு. கரன்ட் திடீரென்று போனால் விசிறியும் நின்று, அந்தச் சூடு அப்படியே அடைந்து கிடக்கும். 2022-இல் ஒரே நாளில் மூன்று முறை கரன்ட் போன நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். 4000 மணி நேரம் வர வேண்டிய என் வீட்டுப் பல்பு 900 மணியில் 'டப்' என்று வெடித்தது. உள்ளே பாதரசம் இருப்பதால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கிட்டே போனேன். அன்றிலிருந்து யுபிஎஸ் இல்லாத வீட்டில் பல்பு புரொஜெக்டர் மாட்டுவதில்லை. எல்இடி, லேசர் வகைகளுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. லேசர் 20,000 மணி நேரம் என்று சொல்கிறார்கள். தினம் நாலு மணி நேரம் பார்த்தால் பதிமூன்று வருடத்துக்கு மேல்.

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து: டர்பனில் அண்ணன் வீட்டில் சத்தமில்லாமல் ஓடிய அதே மாடல் இங்கே சூடாகி அணைந்துவிடுகிறது. பழுதா?

பழுதாக இருக்காது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1700 மீட்டர் உயரம். காற்று மெலிசு, அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அங்கே குறைந்த சூட்டைத்தான் வெளியே தள்ளும். மெனுவில் 'ஹை ஆல்டிடியூட்' என்று ஒன்று இருக்கும், பெரும்பாலும் 1500 மீட்டருக்கு மேல் போட வேண்டும். போட்டால் விசிறி வேகமெடுக்கும், சத்தமும் கூடும். வாங்கும்போதே இதை யோசித்து, உட்காரும் இடத்துக்கு நேர் மேலே மாட்டாமல் தள்ளி மாட்டுங்கள். அப்புறம், உங்கள் பக்கத்துக் கோடைகால இடிமின்னல் எதையும் விடாது. டிவியோ புரொஜெக்டரோ, மழை இருட்டினால் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

மெரிபேங்க்கிலிருந்து ஒரு கோயில் கமிட்டி உறுப்பினர்: ஆடி மாதக் கஞ்சிப் பூஜைக்குப் பாட்டு வரிகளைத் திரையில் காட்ட வேண்டும். ஹாலில் விளக்கு எரியும், பகலிலும் நடக்கும். பெரிய டிவி போதுமா?

ஐயா, இந்த ஓர் இடத்தில் மட்டும் விளக்கு எரியும்போதும் புரொஜெக்டரையே சொல்வேன். கடைசி வரிசை 15 மீட்டரில் இருந்தால் எழுத்து 12 சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். 85 அங்குல டிவியின் உயரமே 106 சென்டிமீட்டர். இடைவெளி விட்டு எழுதினால் நாலு வரிதான் கொள்ளும்.

150 அங்குலத் திரை, 4000 அன்சி லூமென் புரொஜெக்டர் போடுங்கள். விளக்கு எரியும் ஹாலில் படம் வெளுத்துத் தெரியும், எழுத்துக்கு அது போதும். வெள்ளைப் பின்னணியில் தடித்த கறுப்பு எழுத்து வையுங்கள். சாமி படத்தின் மேல் மஞ்சள் எழுத்து வேண்டாம், பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு பக்கத்தில் மூன்று வரி தமிழில், அதே மூன்று வரி ஆங்கில எழுத்தில். நம் ஊரில் தேவாரத்தை மனமுருகப் பாடும் பலருக்குத் தமிழ் எழுத்து கற்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. அவர்களும் வாய் திறந்து பாட வேண்டும்.

புரொஜெக்டரைப் பக்கவாட்டில் வைத்து 'கீஸ்டோன்' போட்டுப் படத்தை நிமிர்த்தாதீர்கள். அது புள்ளிகளைக் குறைத்து எழுத்தை மங்க வைக்கும். திரைக்கு நேர் நடுவில் கூரையில் மாட்டச் சொல்லுங்கள். சாம்பிராணிப் புகை படியாத இடமாகப் பார்த்து மாட்டி, ஃபில்டரை மாதம் ஒருமுறை தட்டுங்கள்.

இசிப்பிங்கோவிலிருந்து: திரை வாங்காமல் சுவரிலேயே வீசலாமா?

பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் அடித்த சமமான சுவர் என்றால் தாராளமாக. ஆனால் சுவரை ஒட்டி வைக்கும் 'அல்ட்ரா ஷார்ட் த்ரோ' வகைக்குத் திரை கட்டாயம். வெளிச்சம் கீழிருந்து சுவரை உரசிக்கொண்டு போவதால் கொத்தனாரின் கரண்டித் தடம் ஒவ்வொன்றும் முகத்தில் சுருக்கமாக விழும்.

ஸ்டேங்கரிலிருந்து ஒரு தங்கை: நண்பர் வீட்டுப் புரொஜெக்டரில் எனக்கு மட்டும் சிவப்பு, பச்சை, நீலமாகத் தெறிக்கிறது. கண்ணில் கோளாறா?

கண்ணில் கோளாறு இல்லை. ஒற்றைச் சில்லு டிஎல்பி புரொஜெக்டர் மூன்று நிறங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகக் காட்டும். சிலருடைய கண் அதைப் பிரித்துப் பார்த்துவிடும். மூன்று எல்சிடி உள்ளதை வாங்குங்கள், தெறிக்காது. வீட்டில் எல்லோரையும் கடைக்குக் கூட்டிப்போய்ப் பார்க்க வைத்த பிறகு பணம் கொடுங்கள்.

ரிசர்வாயர் ஹில்ஸிலிருந்து: அப்பா நாள் முழுக்க ஒரே செய்திச் சேனல். ஓஎல்இடி டிவி வாங்கித் தரலாமா?

வேண்டாம். ஓஎல்இடியில் புள்ளி ஒவ்வொன்றும் தானே எரியும். சேனல் சின்னமும் கீழே ஓடும் பட்டையும் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்தால் தடம் பதிந்துவிடும். சாதாரண எல்இடி போதும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: புரொஜெக்டருக்கும் டிவி லைசென்ஸ் கேட்பார்களா?

டிவி வாங்கும்போது கேட்பார்கள், ஆண்டுக்கு 265 ரேண்ட். உள்ளே டியூனர் இல்லாத புரொஜெக்டர் அலைவரிசை வாங்கும் கருவி அல்ல. ஆனால் வீட்டில் டீக்கோடரோ பழைய டிவியோ இருந்தால் லைசென்ஸ் அப்படியே தேவை.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து, இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்த தம்பதி: வாடகை ஃபிளாட், சுவரில் துளை போடக் கூடாது. இருவரும் வீடு திரும்பவே இரவு ஏழாகிறது. திரும்பிப் போகும்போது ஊருக்கும் எடுத்துப்போக வேண்டும்.

உங்களுக்காகவே செய்தது புரொஜெக்டர். இரவில்தான் பார்ப்பீர்கள், வெளிச்சத் தொல்லை இல்லை. காலில் நிற்கும் மடக்குத் திரை ஒன்றும், எல்இடி விளக்கு வைத்த சின்னப் புரொஜெக்டர் ஒன்றும் வாங்குங்கள். அதன் ஸ்பீக்கரை நம்பாதீர்கள், தனியாக ஒரு சவுண்ட்பார் வையுங்கள், வயர் போட்டு. புளூடூத்தில் உதடு ஒரு நேரத்திலும் வசனம் ஒரு நேரத்திலும் வரும். இங்கேயும் இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். இங்குள்ள பெரிய மூன்று முள் பிளக்கும் ஊரில் ஏசிக்குப் போடும் 15 ஆம்பியர் பிளக்கும் ஒரே வடிவம். புரொஜெக்டரைக் கைப்பெட்டியில் வையுங்கள், சவுண்ட்பார் மட்டும் சரக்கோடு போகட்டும்.